பத்துக்கு ஒன்பது

என் டோக்கன் இருபத்து மூன்று. உள்ளே போயிருப்பது பதினாறு. ஆளுக்கு எட்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என் கால் கட்டைவிரல் என்னுடையது. அதற்குப் பிறகு டாக்டர் நப்பின்னை சொல்வதைப் பொறுத்தது. கவலையாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், கவலை இருக்க வேண்டிய இடத்தில் கட்டையாக ஏதோ ஒன்று கிடக்கிறது, அழுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை இருக்கிறது, நோயாளிகள் தயவுசெய்து செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரவும் என்று, படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒரு செருப்பின் படமும் வரைந்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் எல்லாரும் செருப்பைக் கழற்றி விட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒரே செருப்பு. கறுப்பு எம்.சி.ஆர். ரப்பர், முன்னால் இரண்டு பட்டை, குதிகாலுக்குப் பின்னால் ஒன்று, ஒட்டிப் பிரிக்கிற வகை. சர்க்கரைக்காரர்களின் சீருடை என்று சொல்லலாம். கீழ்த்தளத்துக் கடையில் வேறு நிறம் கேட்டால் ப்ரௌன் வரும் சார் என்பார்கள், வராது. ரெஜினா சிஸ்டர் அவ்வப்போது கதவைத் திறந்து, "ஐயா, அம்மா, போட்டுட்டு வாங்க, தரையில ஊசி கீசி கெடந்து குத்தினாக்கூட உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிப் பார்க்கிறார். மூலையில் இருக்கும் அம்மாள், "டாக்டர் இருக்கிற எடத்துக்கு எப்படிம்மா செருப்போட வர்றது" என்று கூசி, வெறுங்காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்கிறார். தில்லைநகரின் இந்தக் குறுக்குத் தெருவில் மருத்துவம் ஜெயித்துவிடும், இந்த அம்மாளின் மரியாதையை ஜெயிக்காது. போன தடவை, மூன்று மாதத்துக்கு முன், நானும் அங்கேதான் கழற்றி விட்டேன். பலகையை நின்று முழுவதும் படித்துவிட்டுத்தான் கழற்றினேன் என்பது இன்னும் மோசம். இன்று கழற்றவில்லை. எழுதியிருப்பதைப் படித்து அதன்படி நடந்த ஒரே ஆள் என்று உட்கார்ந்ததும் சற்றுப் பெருமையாக இருந்தது, பிறகு எதிர் நாற்காலியிலும் ஒருவர் செருப்போடு இருப்பதைப் பார்த்தேன், பெருமை பாதியாயிற்று.

கட்டைவிரல் என்றால் வலது கால் கட்டைவிரல். முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தினேன், அதில் பாதிக்கு மேல் பூஞ்சைகள். பூஞ்சை தாவரமே இல்லை. அதற்குப் பச்சையம் கிடையாது, அதன் சுவர் நண்டு ஓட்டில் இருக்கும் பொருளால் ஆனது, உறவுமுறை பார்த்தால் வேப்பமரத்தைவிட நமக்குத்தான் கிட்டம். இருந்தும் அதைத் தாவரவியல் துறையில் வைத்திருந்தார்கள், வேறு எந்தத் துறையும் இடம் கொடுக்கவில்லை. இதை ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் சொல்வேன், ஒவ்வொரு வருடமும் யாரும் சிரித்ததில்லை. இப்போது அது என் நகத்தில் இருக்கிறது. சௌந்தரவல்லிதான் முதலில் பார்த்தாள். "என்னங்க இது, நகம் பழைய பல்லு மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு முப்பத்தேழு வருடமாக மனைவியாக இருப்பவள் சொல்லும் உவமைகளில் பெரும்பாலும் குறை காண முடியாது. மஞ்சளாக, தடித்து, ஓரத்தில் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வளரும், மஞ்சள் அடிவரை போயிருந்தது, ஆகவே அதற்குப் பத்து மாத வயதாவது இருக்கும் என்று கணக்குச் சொன்னேன். பத்து மாசமா பாக்காம என்ன பண்ணீங்க என்று கேட்டாள். போன தடவை இங்கே நகத்தைச் சுரண்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். ஆய்வகப் பெண்ணிடம் கண்ணாடித் தகட்டை நானும் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். ரிப்போர்ட்டுல வரும் சார் என்றாள். டிரைகோபைட்டான் ரூப்ரம் என்று வந்தது. பேரைப் படித்ததும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சந்தோஷம் வந்தது, கூட்டத்தில் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்த மாதிரி. நகத்தில் பூசிக்கொள்ள ஒரு மருந்து கொடுத்தார்கள், சாயப்பூச்சு மாதிரி சின்னக் குப்பியில், மூடியோடு ஒட்டிய தூரிகையோடு. அறுபத்தொன்பது வயதில் கால்மேல் கால் போட்டு நகத்துக்குப் பூச்சு பூசினேன். சௌந்தரவல்லி பார்த்துக்கொண்டே போனாள். "கைக்கும் போட்டுவிடவா, கல்யாணத்துக்குக் கெளம்பற மாதிரி இருக்கு" என்றாள். வாரம் இரண்டு தடவை, நகத்தை அரத்தால் தேய்த்துவிட்டு. செவ்வாய், வெள்ளியில் நகத்தில் அரம் வைக்கக்கூடாது என்று அவள் சொன்னதால் புதன், சனி. கண்ணாடி போட்டுக்கொண்டு பூசினேனா? இல்லை. குத்துமதிப்பாகத்தான். நகத்தை உற்றுப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆயிரக்கணக்கான பேரை உற்றுப் பார்க்கச் சொன்னவன் நான்.

எரிச்சல் நின்றதைப் பற்றிச் சொல்ல வேண்டும், யாரிடம் என்று தெரியவில்லை, இந்தச் சுவரிடம் சொல்லலாம். நகத்துக்கெல்லாம் முன்னால் இரண்டு வருடம் பாதம் இரண்டும் எரிந்துகொண்டிருந்தது. ஈரத்துணி சுற்றுவேன், மொசைக் தரையில் இடம் மாற்றி மாற்றி வைப்பேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எரிச்சல் குறைந்து, ஒருநாள் காலை சுத்தமாக இல்லை. குணமாகிவிட்டது என்று அறிவித்தேன். அதைக் கொண்டாடக் கேசரி கிளறச் சொல்லி, கிளற மாட்டேன் என்று சௌந்தரவல்லி சொல்லி, உப்புமாவில் முடிந்தது. எரியும் வரை நரம்பு உயிரோடு இருந்தது. அணைந்ததைத்தான் நான் குணம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது தரை பஞ்சு மாதிரி இருக்கிறது, கல்லும் பஞ்சு, மணலும் பஞ்சு, போன மாதம் தெருவில் ஒரு பாட்டில் மூடி மேல் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் பத்து நிமிடம் குடிநீர்க் குழாய் பற்றிப் பேசியிருக்கிறேன், அதுவும் பஞ்சு. இதை டாக்டரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. அண்ணன் சொன்னான். என் அண்ணன் சிவக்கொழுந்து, வேதாரண்யத்தில் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவன். காலில் உணர்ச்சி இல்லை என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வான், உப்புப் பாத்தியில் வெறுங்காலோடு நிற்பதற்கு அது சௌகரியம் என்பான். அவனுக்கும் நகத்தில்தான் ஆரம்பம். நகத்தை மட்டும் எடுத்துடலாம் என்று வேறு ஊர் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். நகம், பிறகு விரல், பிறகு பக்கத்து விரல், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். நான் ஒவ்வொரு தடவையும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன், சர்க்கரைக்காரனுக்கு ஆரஞ்சு. கடைசித் தடவை போனபோது போர்வையின் ஒரு பாதி தட்டையாக இருந்தது. "கொசு கடிக்குதுடா வேதரத்தினம், அந்தக் காலை" என்றான். எந்தக் கால் என்று கேட்டேன். இல்லாத காலைக் காட்டினான். பூஞ்சையை எனக்கு முதலில் காட்டியதும் அவன்தான், மழைக்காலத்தில் பழைய கயிற்றுச் சுருள் மேல். வேண்டாம், அதற்குள் போக வேண்டாம். பதினெட்டு உள்ளே போகிறது. பதினேழு எப்போது போனது? கவனிக்கவில்லை.

இங்கே கோப்பின் மேல் வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பச்சை என்றால் உணர்ச்சி இருக்கிறது, மூன்று மாதம் கழித்து வரலாம். மஞ்சள், மாதம் ஒருமுறை. சிவப்பு என்றால் வாராவாரம், அதற்கு மேல் அவர்கள் கையில். அண்ணனின் ஆஸ்பத்திரியிலும் கட்டிலில் சிவப்பாக ஒரு சீட்டு தொங்கியது. எனக்குப் பச்சை. அதை நான் எப்படி வாங்கினேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். பரிசோதனை எளிமையானது. கண்ணை மூடச் சொல்வார்கள், ஒரு பிடியில் பொருத்திய நைலான் நூலால் இரண்டு பாதத்திலுமாக, ஒவ்வொரு இடமாக, பத்து இடத்தில் தொட்டு அழுத்துவார்கள், தெரிந்தால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். நான் கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் டாக்டர் நப்பின்னை கையில் இரண்டு கண்ணாடி வளையல் போட்டிருந்தார், நூலை அழுத்த மணிக்கட்டைச் சாய்க்கும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று இடித்தன. கிணுக் என்றது, ஆமாம் என்றேன். கிணுக், ஆமாம். செய்முறைத் தேர்வில் பக்கத்து மேசையைப் பார்த்துப் பதில் எழுதும் பையன்களை முப்பத்திரண்டு வருடம் பிடித்தவனுக்கு அந்த வித்தையின் நுணுக்கம் தெரியும். பத்துக்குப் பத்து எடுப்பவன்தான் மாட்டுவான். ஆகவே ஏழாவது கிணுக்குக்கு வேண்டுமென்றே பேசாமல் இருந்தேன். "நல்லா இருக்கு சார், பத்துக்கு ஒன்பது, ஒரு எடத்துல லேசா கொறவு" என்றார். நன்றாகத் தேறிய மாணவன் மாதிரி தலையாட்டினேன். பச்சை. வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, படியில் கைப்பிடியைப் பிடித்தபடி, பாதத்தைக் கண்ணால் பார்த்துப் பார்த்து இறங்கினேன், இறங்கும்போது அது எங்கே இருக்கிறது என்று வேறு எப்படித் தெரியும்? இன்றும் அதேதான் உத்தேசம். ஆனால் ஏழாவது இடத்தில் மறுபடியும் பேசாமல் இருக்க வேண்டுமா, அல்லது நான்காவதா? உண்மையான குறைவு இடம் மாறாது. ஏழாவதே. வளையல் போட்டிருக்க வேண்டும் அவர், அது ஒன்றுதான்.

போன் அடித்தது, சௌந்தரவல்லி. "கூப்பிட்டாங்களா?" இல்லை, இன்னும் நாலு பேர். "கால் வீங்கறதைச் சொல்லுங்க, மறந்துட்டு வந்து நிக்காதீங்க. என்ன கலர்னு ஒடனே போன் பண்ணுங்க." வைத்துவிட்டாள். வீக்கம், ஆமாம். மூன்று மாதமாகச் செருப்புப் பட்டை எட்டவில்லை. முன்பெல்லாம் நன்றாக மடங்கி ஒட்டும், இப்போது நுனியோடு நுனி இழுத்து ஒட்ட வேண்டியிருக்கிறது, கட்டைவிரல் முன்விளிம்பில் போய் முட்டுகிறது. கால் வீங்கியிருக்கிறது என்று நான் சொன்ன அன்றிலிருந்து வீட்டில் ஊறுகாய் கிடையாது, அப்பளம் கிடையாது, மோரில் உப்புக் கிடையாது. உப்பளத்து வீட்டில் பிறந்தவனுக்கு உப்பில்லாத மோர். மூன்று மாதமாக நாக்கும் மரத்துப் போய், எல்லா உறுப்பும் ஒரே நிலைக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. இருந்தும் பட்டை எட்டவில்லை. சிறுநீரகம்தான் என்று முடிவு செய்து சௌந்தரவல்லியிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இந்த மாதம் நகத்தின் ஓரம் கறுத்தது. அதையும் சொல்லவில்லை. பூசும் மருந்துக்குள் கறுப்பு மறையவில்லை, லேசான ஒரு வாடை வேறு. பூஞ்சைக்கு அந்த வாடை கிடையாது. எதற்கு அந்த வாடை உண்டு என்று எனக்குத் தெரியும், பாடத்தில் அது வேறு அத்தியாயம். சாக்ஸ் போட்டு மறைத்து வந்திருக்கிறேன். எதிர் நாற்காலிக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், நானும் சிரித்து வைக்கிறேன்.

"நீங்களும் செருப்போட உக்காந்திருக்கீங்க" என்றார். "போர்டுல போட்டிருக்கே" என்றேன். "நான் போர்டைப் பாத்து இல்ல சார். போன தடவை கழட்டிப் போட்டு, திரும்பி வந்து தேடறதுக்குள்ள போதும்போதும்னு ஆயிருச்சு." பெயர் சவரிமுத்து, பொன்மலைப்பட்டி, பஸ் கண்டக்டராக இருபத்தெட்டு வருடம், எட்டு வருடமாக சர்க்கரை, டோக்கன் இருபத்திரண்டு. கேட்காமலே டிக்கெட் கிழித்த மாதிரி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். நான் வேதரத்தினம், கல்லூரி வாத்தியார் என்று மட்டும் சொன்னேன். "எப்படி இருக்கு உடம்பு?" என்று கேட்டு வைத்தேன். "ஒடம்பு கெடக்கு சார், காலு சூம்பிக்கிட்டே போகுது. மூணு மாசமா செருப்பு தொளதொளன்னு ஆயிருச்சு, பட்டையை இழுத்து ஒட்டினா இம்புட்டு மிச்சம் நிக்குது. நடந்தா பட்பட்னு அடிக்குது. வீட்ல அது பயந்துபோய் தெனம் ரெண்டு முட்டை அவிச்சுக் குடுக்குது. முட்டை தின்னு தின்னு சட்டைதான் டைட்டாவுது, காலு ஏறல." நரம்பு கெட்டால் பாதத்துத் தசை வற்றும் என்று எங்கோ படித்திருந்தேன், அதைச் சொல்லி அவரைப் பயமுறுத்தத் தேவையில்லை என்று நினைத்தேன். அவருக்கு வற்றுகிறது, எனக்கு வீங்குகிறது, ஒரே நோய் ஆளுக்கு ஆள் எப்படி வேறாக நடந்துகொள்கிறது என்று யோசித்தேன். படித்தவனின் யோசனை. "அது போதாதுன்னு இதைப் பாருங்க" என்று அவர் குனிந்து வலது செருப்பின் பட்டைகளைப் பிரித்துப் பாதத்தை வெளியே எடுத்தார். கட்டைவிரல் நகத்தின் நுனியில், ஓரமாக, ஓர் அரிசி அளவுக்கு மஞ்சள். "போன மாசம்தான் வந்திச்சு. அதுக்கு முன்னாடி நகம் கண்ணாடி மாதிரி இருக்கும் சார் எனக்கு." புதிய மஞ்சள். இளம் மஞ்சள். அதன் வயதை நான் ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். பிறகு அவருடைய நகத்தை விட்டுக் கண் நகர்ந்து, மல்லாந்து கிடந்த குதிகால் பட்டையின் உள்பக்கத்துக்குப் போயிற்று. பச்சை மார்க்கர் பேனாவில், சின்ன எழுத்தில், வே.ர., கீழே வலது, அதன் கீழே ஒரு தேதி.

அது என் கையெழுத்து. ஆய்வகத்தில் எந்தக் கண்ணாடிக் கிண்ணத்தையும் பெயரும் தேதியும் எழுதாமல் வைக்கக்கூடாது, அந்தப் பழக்கத்தில் வீட்டில் மிளகாய்ப் பொடி டப்பா, குடை, டார்ச்லைட், எல்லாவற்றிலும் எழுதுவேன், செருப்பு வாங்கிய அன்றே அதிலும் எழுதினேன். வலது என்று எழுதியதைப் பார்த்து, எழுதலேன்னா தெரியாதாக்கும் என்று சௌந்தரவல்லி கேட்டது நினைவிருக்கிறது. எழுதினேன், அதற்குப் பிறகு ஒருநாளும் படிக்கவில்லை. பெயர்ச்சீட்டு எழுதுகிறவன் அது மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொள்கிறான். "அந்தப் பட்டையில ஏதோ எழுதியிருக்கு" என்றேன், என் குரல் எனக்குப் பக்கத்து அறையிலிருந்து கேட்டது. "கம்பெனிக்காரன் போட்ட நம்பருன்னு நெனச்சேன்" என்றார் சவரிமுத்து. குனிந்து என்னுடையதைக் கழற்றினேன். உள்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பக்கவாட்டில் எட்டு என்று அச்சு. "எனக்கு எட்டு" என்றார். "எனக்கு ஒன்பது" என்றேன். நான்கு செருப்பையும் கழற்றி நடுவில் வரிசையாக வைத்தோம். மூன்று மாதம். தொண்ணூற்றிரண்டு நாள் வேறொரு மனிதனின் செருப்பில் காய்கறி வாங்கப் போயிருக்கிறேன், பென்ஷன் அலுவலகம் போயிருக்கிறேன், ஒரு கல்யாணத்துக்கும் ஒரு துஷ்டிக்கும் போயிருக்கிறேன், என் கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீக்கம் இல்லை. சிறுநீரகம் இல்லை. மோரில் உப்புப் போட்டிருக்கலாம். சவரிமுத்து மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார், தோள் குலுங்கியது. "இருபத்தெட்டு வருஷம் பஸ்ல எவன் ஏறினான் எவன் எறங்கினான்னு பாத்தவன் சார் நானு. என் செருப்புல நீங்க ஏறிப் போனது தெரியல பாருங்க." நானும் சிரித்தேன். சிரிப்பு நெஞ்சு வரைக்கும் வந்தது, அதற்குக் கீழே போகவில்லை. பிறகு அவர் தன் எட்டாம் எண்ணை எடுத்துக் காலை நுழைக்கப் போனார், நான் "போடாதீங்க" என்றேன்.

"ஏன் சார்?" ஏன் என்று சொல்வதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது, அது எனக்கு முன்பே தயாராக இருந்தது. என் மஞ்சளுக்கு இப்போது வயது ஒரு வருடத்துக்கு மேல், அவருடையதற்கு அதிகம் போனால் இரண்டு மாதம். என் செருப்பில் அவர் கால் போன பிறகு வந்தது. பூஞ்சை வித்து ரப்பரில் மாதக்கணக்கில் காத்துக்கிடக்கும், இதை நான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், செருப்பைப் பகிரக்கூடாது என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். சொல்லாமலும் இருக்கலாம். காற்றில் வந்தது, குளியலறையில் வந்தது, எத்தனையோ வழி இருக்கிறது, கேட்கிறவர் கண்டக்டர், சொல்கிறவன் பேராசிரியர். "ரெண்டு ஜோடியையும் தூக்கிப் போட்டுடணும். பூஞ்சை இருக்கும் உள்ள." "பூஞ்சையா? யாரோடது?" கண்ணுக்கு நேராகக் கேட்டார். "என்னோடது" என்றேன். "உங்க நகத்துக்கு என் செருப்புலேர்ந்துதான் வந்திருக்கும்." அவர் தன் நகத்தைப் பார்த்தார், என் சாக்ஸைப் பார்த்தார், பிறகு என் செருப்புப் பட்டையைப் பார்த்தார். "பூஞ்சையிலயும் உங்க பேரு எழுதியிருக்கா சார்?" என்றார். கோபமா, கிண்டலா என்று தெரியவில்லை, இரண்டும் சரியான அளவில் இருந்திருக்கலாம். இருபத்திரண்டு என்று ரெஜினா சிஸ்டர் கூப்பிட்டார். சவரிமுத்து வெறுங்காலோடு எழுந்து போனார். நான் நான்கு செருப்பையும் ஒரு பாலித்தீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். பழக்கம், பை மேல் எழுதப் பேனாவைத் தேடினேன். பிறகு சட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன். சாக்ஸைக் கழற்றினேன், அது வலது நுனியில் ஒட்டிக்கொண்டு, வெந்தயக் கஞ்சி காய்ந்த மாதிரி ஒரு வட்டத்தோடு வந்தது. ஒரு முழு எண் சின்னச் செருப்பு, தொண்ணூற்றிரண்டு நாள், ஒவ்வொரு அடியிலும் அதே விளிம்பு, அதே நகம். யாருக்காவது வலித்திருக்க வேண்டும்.

எட்டு நிமிடம் கழித்து சவரிமுத்து வெளியே வந்தார். கையில் கோப்பு, மஞ்சள் ஸ்டிக்கர். "புதுசு வாங்கணும், அதுல நான் பெரிசா சவரிமுத்துன்னு எழுதப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தூக்கிப் போட இடம் தேடிப் போனார். இருபத்து மூன்று. வாசலைக் கடக்கும்போது ரெஜினா சிஸ்டர் என் காலைப் பார்த்து, "சார், நீங்களுமா?" என்றார். வெள்ளை டைல்ஸ் தரை, மேலே ஏ.சி. தரை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். டாக்டர் நப்பின்னை வலது பாதத்தைத் தன் மடிமேல் விரித்த துணியில் எடுத்து வைத்தார், எடுத்து வைத்ததைப் பார்த்தேன். விளக்கைத் திருப்பினார், நகத்தின் ஓரத்தை அரத்தால் குறைத்தார், கறுப்பைத் தொட்டார், முகர்ந்தார். செருப்புக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, நகத்தைப் பார்த்தபடியே கேட்டார். "நகத்துக்குக் கீழ புண்ணு இருக்கு சார். எவ்வளவு ஆழம்னு இப்ப சொல்ல முடியாது. உங்களுக்கு உணர்ச்சி நல்லா இருக்கிறதால வீட்லயே மருந்து போட்டுப் பாக்கலாம். இதுவே உணர்ச்சி இல்லாத காலா இருந்தா இன்னைக்கே அட்மிட் பண்ணி, நகத்தை எடுத்து, உள்ள எலும்பு வரைக்கும் பாத்துருவேன். போன தடவை பத்துக்கு ஒன்பது. இன்னொரு தடவை பாத்துக்கலாம். கண்ணை மூடுங்க." நகத்தை மட்டும் எடுத்துடலாம். போர்வையின் தட்டையான பாதி. கண்ணை மூடினேன்.

கிணுக். அதே இரண்டு வளையல். ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிக்குத் தானாக வந்து நின்றது, வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிறவன் மாதிரி. இன்னும் ஒன்பது தடவை, ஏழாவதில் மட்டும் பேசாமல் இருந்தால் சாயங்காலம் வீட்டில் இருப்பேன், பச்சை என்று சொன்னதும் சௌந்தரவல்லி ஊறுகாய் ஜாடியை இறக்குவாள். கிணுக். ஒரு மனிதனிடம் என்னோடது என்று சொல்லியாகிவிட்டது, அது சொல்வதற்குக் கஷ்டமான வார்த்தையாக இல்லை, சொன்னபோது எங்கும் குத்தவும் இல்லை. கிணுக். "சார், தூங்கிட்டீங்களா?" என்றார் டாக்டர். "இல்ல. முழிச்சுத்தான் இருக்கேன்" என்றேன். "வளையலைக் கழட்டிட்டுப் பாருங்க டாக்டர். போன தடவை ஒன்பதும் அதுதான் சொல்லுச்சு." அந்தப் பக்கம் அசைவு நின்றது. பிறகு மேசைக் கண்ணாடி மேல் வளையல் இரண்டையும் வைக்கும் சத்தம், ஒன்று, இரண்டு. அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஏ.சி. மட்டும். எத்தனை நேரம் என்று எண்ண முடியவில்லை, எண்ணுவதற்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மடிமேல் கால் இருக்கிறதா என்பதைக்கூட நம்பித்தான் ஆக வேண்டும். பிறகு, இடது பாதத்தின் வளைவில், கொசு உட்கார்ந்த மாதிரி ஒன்று. இல்லை, ஆசை, மதிப்பெண் போடாதே. மறுபடியும், அதே இடம், இந்தத் தடவை தெளிவாக. ஒன்றாவது இருக்கிறது. பத்துக்கு ஒன்று, ஆனால் நேர்மையான ஒன்று. "ஆமாம்" என்றேன். "எங்க சார்?" "இடது கால்ல, உள்வளைவுல." "நான் இன்னும் இடது காலுக்கு வரல சார்" என்றார்.

கண்ணைத் திறக்கச் சொன்னாரா என்று தெரியாது, நான் திறக்கவில்லை. அவர் எழுந்து போவது, இழுப்பறை திறப்பது, மெழுகுத் தாளிலிருந்து ஸ்டிக்கர் உரியும் மெல்லிய சத்தம், கட்டைவிரலால் அதைக் கோப்பின் மேல் தேய்த்து ஒட்டுவது. கதவுக்கு அப்பால், "சிஸ்டர், ஒரு பெட் போடச் சொல்லுங்க." சட்டைப் பையில் நெஞ்சை ஒட்டி போன் அதிர்ந்தது, சௌந்தரவல்லியாகத்தான் இருக்கும். அது தெரிந்தது.